நாவலர் அந்த மனுவில் கையெழுத்து வைத்திருப்பாரா?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்காபரோவில் கோவில் பூசை முடிந்து வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். எங்கட ஊர் அண்ணை ஒருவர் கையில் ஒரு மட்டையும் பேனையுமாக வந்தார். மட்டையில் ஒரு மனு. வெளியே நடைபாதையிலும் பஸ் தரிப்பிடத்திலும் நின்று சமயத் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறவர்களை நகரசபை தடை செய்ய வேண்டும் என்று கேட்கும் மனு. ஏற்கெனவே நாற்பது ஐம்பது பேர் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

கொடுக்கிறவர்கள் யாரென்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு தமிழ்ப் பெண்கள். பனியென்றாலும் வெயிலென்றாலும் தரிப்பிடத்தில் நிற்பார்கள். எடுத்தால் சிரிப்பார்கள், எடுக்காவிட்டாலும் சிரிப்பார்கள். எனக்கும் இரண்டு மூன்று தரம் தந்திருக்கிறார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுபோய் மறுசுழற்சிப் பெட்டியில் போட்டிருக்கிறேன்.

பேனையை வாங்கினேன், ஆனால் கை போகவில்லை. யோசித்துச் சொல்கிறேன் அண்ணை என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. நாவலர் பிறந்த மண்ணில் பிறந்துவிட்டு இதுக்கும் யோசனையோ தம்பி என்று கேட்டார். நாவலர் இப்ப இருந்தால் முதல் கையெழுத்து அவருடையதாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார்.

காரில் வரும்போது மகள் கேட்டாள், நாவலர் எண்டால் ஆர் அப்பா என்று. பதினேழு வயது, இங்கே பிறந்தவள். கோவில் மண்டபத்தில் உருத்திராக்கம் போட்டபடி ஒரு ஐயாவின் படம் மாட்டியிருக்கே, அவர்தான் என்றேன். அவளுக்குச் சொல்லத் தொடங்கியபோதுதான் அண்ணை சொன்னது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அந்தக் கதையை இங்கே உங்களுக்கும் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆறுமுகம் பிறந்தது 1822 டிசம்பர் 18, நல்லூரில். தகப்பன் கந்தப்பிள்ளை, தாய் சிவகாமி. தகப்பன் தமிழ் படித்த மனிதர், நாடகம் எழுதுகிறவர். பிள்ளைக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே செத்துப்போனார். அவர் முடிக்காமல் விட்ட நாடகத்தை அந்த ஒன்பது வயதுப் பெடியன் எழுதி முடித்தான் என்று ஊரில் சொல்வார்கள். பிறகு இருபாலைச் சேனாதிராச முதலியாரிடமும் நல்லூர் சரவணமுத்துப் புலவரிடமும் தமிழ் படித்தான்.

அவன் பிறக்க முன்பே யாழ்ப்பாணத்துக்குப் பாதிரிமார் வந்துவிட்டார்கள். வெஸ்லியன் மிஷன் 1814இல், அமெரிக்கன் மிஷன் 1816இல், சர்ச் மிஷன் 1818இல். மூன்று மிஷனும் சின்னக் குடாநாட்டைப் பங்குபோட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் கட்டின. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி. அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பது ஊரில் பெரும்பாலும் நினைத்தும் பார்க்காத காரியம். அதையும் மறக்கக்கூடாது.

இந்த இடத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கட மனுவுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. 1820இல் அமெரிக்கன் மிஷன் யாழ்ப்பாணத்துக்கு ஒரு அச்சுக்காரரை அனுப்பியது. பெயர் ஜேம்ஸ் காரெட். வந்து இறங்கிய மனிதரை இலங்கையை ஆண்ட பிரிட்டிஷ் அரசாங்கம் இருக்க விடவில்லை. எட்வர்ட் பார்ன்ஸ் ஆட்சியில் அவருக்கு வெளியேறும்படி கட்டளை போனது. அச்சுக்காரரைத் தடுத்துவிட்டார்கள், சரி. துண்டுப்பிரசுரம் நின்றதா? இல்லை. பாதிரிமார் பனையோலையில் எழுதுவித்தே கொடுத்தார்கள். பதினான்கு வருடம் கழித்து, 1834இல், மானிப்பாயில் அமெரிக்கன் மிஷனின் அச்சகம் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு சந்தை, கோவில் திருவிழா, பள்ளிக்கூடம் என்று கடதாசி கொட்டியது. 1841இல் உதயதாரகை பத்திரிகையும் வந்தது. சைவக் கோவில், திருநீறு, திருவிழா, புராணம் எல்லாவற்றையும் அந்தக் கடதாசிகள் கேலி செய்தன. சனம் வாங்கிப் படித்தது. பதில் சொல்ல ஆக்கள் இருந்தார்கள், ஆனால் அவர்களிடம் இருந்தது ஏடு. ஓர் ஏட்டை ஒருவர் இருந்து எழுதி முடிப்பதற்குள் அச்சில் நூற்றுக்கணக்கில் அடித்து ஊர் முழுக்கக் கொடுத்துவிடலாம்.

ஆறுமுகம் ஆங்கிலம் படிக்கப் போனது யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு. இன்றைக்கு அது மத்திய கல்லூரி. அதை நடத்தியவர் பீற்றர் பெர்சிவல் பாதிரியார், தமிழில் நல்ல விருப்பமுள்ளவர், தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர். இருபது வயதுக்குள்ளேயே ஆறுமுகத்தை அங்கே ஆசிரியராக்கினார். பிறகு பைபிளைத் தமிழாக்கும் வேலையில் தனக்குத் துணையாகவும் வைத்துக்கொண்டார். நெற்றியில் திருநீற்றோடு, சைவ ஆசாரம் குறையாமல், அந்த இளைஞர் வருடக்கணக்காக இருந்து பைபிளைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். 1848இல் பெர்சிவல் அவரையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய், மகாலிங்கையர் என்ற பண்டிதரிடம் அந்தத் தமிழைக் காட்டி ஒப்புதல் வாங்கினார். மொழிபெயர்ப்பு 1850இல் அச்சில் வந்தது.

மகளுக்கு இது விளங்கவில்லை. எதிர்க்கிறவர் ஏன் அவர்களுடைய புத்தகத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தார் என்று கேட்டாள். சம்பளம் வாங்கிய வேலை என்பது ஒரு பதில். ஆனால் அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். தான் பதில் சொல்லப்போகும் புத்தகத்தை அந்த அளவுக்கு ஊன்றிப் படித்தவர் அன்றைய யாழ்ப்பாணத்தில் வேறு யார் இருந்தார்கள்?

1847 டிசம்பர் 31, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் அவர் முதற் பிரசங்கம் செய்தார். அதன் பிறகு வெள்ளிக்கிழமை இரவுகளில் தொடர்ந்து நடந்தது. கோவில் மண்டபத்தில் ஏறி நின்று சனத்துக்கு விளங்கும் தமிழில் சமயம் சொல்வது அதுவரை சைவர்களிடம் வழக்கமாக இல்லை. அது பாதிரிமாரின் முறை. அவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டார். அடுத்த வருடம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வகுப்புப் பிரித்து, நேரம் வகுத்து, படிப்படியாகப் பாடப்புத்தகம் வைத்து நடத்தும் அந்த முறையும் மிஷன் பள்ளியில் பார்த்ததுதான். பெர்சிவலிடம் வேலையை விட்டதும் அந்த வருடமே. கலியாணம் செய்யவில்லை. சீவியம் முழுக்க இதற்கே என்று முடிவெடுத்துவிட்டார்.

1849இல் மாணவர் சதாசிவப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார். போன காரியம் அச்சு இயந்திரம் வாங்குவது. வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் பிரசங்கம் செய்தபோதுதான் நாவலர் என்ற பட்டம் கிடைத்தது. பட்டத்தோடும் இயந்திரத்தோடும் திரும்பி வந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை என்று பெயரிட்டு அச்சகம் வைத்தார்.

எனக்கு அவருடைய சீவியத்தில் மிகப் பெரிய இடம் இதுதான். துண்டுப்பிரசுரம் கொட்டிய ஊரில், அதற்கு மறுமொழியாக அவர் கொண்டு வந்து இறக்கியது இன்னொரு அச்சு இயந்திரம்.

அந்த இயந்திரத்திலிருந்து பாலபாடங்கள் வந்தன. பெரியபுராணம் 1852இல் வசனமாக வந்தது. ஏட்டில் கிடந்த நூல்கள் பிழை திருத்திப் புத்தகமாயின. பிள்ளைகளும் வாசிக்கக்கூடிய, நிறுத்தக் குறிகள் போட்ட, தெளிந்த உரைநடை வந்தது. இன்றைக்கு நீங்கள் இந்தக் கட்டுரையை வாசிக்கிற தமிழுக்கு அதில் ஒரு பங்கு உண்டு. 1854இல் சைவ தூஷண பரிகாரம் என்ற சிறு நூல் வந்தது. அதில் அவர் கையாண்ட முறை கெட்டிக்காரத்தனமானது. கோவில், அபிஷேகம், தீபம், தூபம், நைவேத்தியம் எல்லாம் அஞ்ஞானம் என்று பாதிரிமார் எழுதினார்கள் அல்லவா? அப்படியென்றால் பழைய ஏற்பாட்டில் எருசலேம் ஆலயத்தில் நடந்தவை என்ன என்று, அவர்களுடைய வேதத்திலிருந்தே ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பெர்சிவலோடு இருந்து படித்த படிப்பு அங்கே உதவியது. அவருடைய பிரசுரங்களும் அமைதியான எழுத்தென்று சொல்ல மாட்டேன். நன்றாகவே கடித்தார். இன்றைக்கு யாராவது அப்படி எழுதி எங்கட கோவில் வாசலில் கொடுத்தால் அண்ணை இரண்டாவது மனுவும் அடிப்பார்.

அப்படியென்றால் நாவலருக்குக் கோபம் எதில்? கடதாசியில் எழுதியிருந்ததில் கோபம் இருந்தது, உண்மை. ஆனால் அந்தக் கடதாசியோடு சேர்த்துக் கட்டியிருந்தவைதான் ஊரை அசைத்தன. ஆங்கிலம் படித்தால்தான் அரசாங்க உத்தியோகம். ஆங்கிலம் இருந்தது பெரும்பாலும் மிஷன் பள்ளிக்கூடத்தில். அங்கே போகிற பிள்ளை வேதபாடம் படிக்க வேண்டும், கடைசியில் ஞானஸ்நானத்துக்கு நெருக்குதல் வரும். அரசாங்கப் பணமும் நீண்ட காலம் அந்தப் பக்கமே போனது. சைவப் பள்ளிகளுக்கு உதவிப்பணம் பெற அவர் பல காலம் போராட வேண்டியிருந்தது. திருநீற்றோடு ஆங்கிலம் படிக்க ஓரிடம் வேண்டும் என்று 1872இல் அவர் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி, பணமில்லாமல் சில வருடங்களில் மூடப்பட்டது. விருப்பத்தோடு ஒருவர் சமயம் மாறுவதும் வயிற்றுக்காக மாறுவதும் ஒன்றல்ல என்பது மிஷன்காரருக்கும் தெரியாமல் இல்லை. மாணவர் வருவது வேதத்துக்கா உத்தியோகத்துக்கா என்ற கேள்வி அமெரிக்கன் மிஷனுக்குள்ளேயே எழுந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியை 1855இல் மூடினார்கள்.

இதை மகளுக்குச் சொல்லும்போது எனக்கு முகாம் ஞாபகம் வந்தது. இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்த நாட்களில் ஓரிடத்தில் பால்மாப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டியோடு ஒரு சின்னப் புத்தகமும் தந்தார்கள். புத்தகம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பால்மா வாங்க முன்பு இருந்து பிரசங்கம் கேட்க வேண்டும் என்றபோது, தங்கச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற என்னுடைய அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் தெரியும். நடைபாதையில் நீட்டுகிற தாளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடக்கலாம். பால்மாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடக்க முடியாது.

நாவலர் எந்த இடத்திலும் தவறவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கடதாசிக்குக் கடதாசி என்று நின்ற மனிதர், இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்ற சண்டையில், தன்னைச் சிதம்பரத்தில் இழிவாகப் பேசினார்கள் என்று 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்குப் போனார். எழுத்தில் தொடங்கிய சண்டை வழக்காகியது. அதனால் சைவத்துக்கோ தமிழுக்கோ என்ன நன்மை வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. வசை மட்டும் இரண்டு பக்கமும் மிஞ்சியது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. மகள்தான் கேட்டாள். அவருடைய பள்ளிக்கூடத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் போகலாமோ என்று. நான் கார்க் கண்ணாடியைப் பார்த்தபடி இல்லை என்றேன். நாவலர் சாதி ஒழுங்கை ஏற்றுக்கொண்டவர், நூல்களிலும் அதை எழுதியவர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அவருடைய வாங்கில் இடம் இருக்கவில்லை. மிஷன் பள்ளிகளும் இதில் முழுச் சுத்தமில்லை, வேளாளருக்கு அஞ்சி விட்டுக்கொடுத்த இடங்கள் உண்டு. என்றாலும் ஊரில் எந்தத் திண்ணையிலும் ஏறி எழுத்துப் படிக்க முடியாத பிள்ளைக்குக் கதவு திறந்தது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு வந்த முதல் அச்சுத் தாள் ஒரு பாதிரியாரின் துண்டுப்பிரசுரமாக இருந்திருக்கலாம். அதைக் கொடுக்கக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு மனு எழுதியிருந்தால், அவர்கள் காப்பாற்றியிருப்பது யாரை?

மகள் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. எனக்கும் வேறு சொல்ல இருக்கவில்லை.

கடைசிக் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். நாவலர் பாதிரிமாரை மட்டும் எதிர்த்தவரல்ல. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் ஆகமத்துக்கு மாறாகக் காரியங்கள் நடக்கின்றன என்று சொந்தச் சமயத்தவரையே குற்றம்சாட்டி 1875இல் பிரசுரங்கள் அச்சிட்டார். எத்தனை பெரிய மனிதர்களுக்கு அது கசந்திருக்கும்! 1877 பஞ்சத்தின்போது கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். யாழ்ப்பாணத்து அரசாங்க ஏசண்டாக இருந்த துவைனத்தின் நிருவாகத்தையும் எழுத்திலே எதிர்த்தார். 1879இல் சட்டசபைக்குப் பொன்னம்பலம் இராமநாதனை அனுப்ப வேண்டும் என்று ஆதரவு திரட்டினார். அந்த வருடம் டிசம்பர் 5 அன்று செத்துப்போனார். வயது ஐம்பத்தாறு.

இந்தப் பிரசுரங்களை நிறுத்தும் அதிகாரம் அன்றைக்கு யாரிடம் இருந்திருக்கும்? ஏசண்டரிடமும் கோவில் பெரியவர்களிடமும். அப்படி ஒரு தடை இருந்திருந்தால் முதலில் அடைபட்டிருப்பது நாவலரின் அச்சகம்தான்.

நாங்கள் இருக்கும் கனடாவிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. கியூபெக் நகரத்தில் பொலிஸ் தலைவரின் அனுமதி இல்லாமல் தெருவில் எந்தப் பிரசுரமும் கொடுக்கக்கூடாது என்று ஒரு நகரசபை விதி இருந்தது. யெகோவாவின் சாட்சிகளைச் சேர்ந்த லொரியே சோமூர் என்பவர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1953இல் உச்ச நீதிமன்றம், ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேரின் தீர்ப்பால், அந்த விதியைக் காட்டி அவர்களைத் தடுக்க முடியாது என்று சொன்னது. ஒரேயொரு வாக்கு மாறியிருந்தால் கதை வேறு.

2009இல் நாங்கள் செய்ததை நினைத்துப் பாருங்கள். வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது ரொறன்ரோவின் நடுவில், யூனியன் ஸ்டேஷன் வாசலில், யூனிவர்சிற்றி அவெனியூவில், உறைகிற குளிரில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்தோமே. நானும் நின்றேன். நூறு பேருக்கு நீட்டினால் பத்துப் பேர் எடுத்தார்கள். சிலர் எங்களைக் கண்டு வழி மாறிப் போனார்கள். அந்த இரண்டு பெண்களைக் கண்டு நாங்கள் போகிற மாதிரித்தான். அன்றைக்கு எங்கட பிரசுரம் தங்களுக்கு இடைஞ்சல் என்று ஒரு கூட்டம் மனு எழுதி நகரசபையும் அதைக் கேட்டிருந்தால், எங்களிடம் மிச்சம் என்ன இருந்திருக்கும்?

நான் எல்லைக்கோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. கோவில் காணிக்குள் நின்று கொடுத்தால் வெளியே போகச் சொல்ல நிருவாகத்துக்கு உரிமை இருக்கிறது. வேண்டாம் என்ற பிறகும் பின்னாலே வந்தால் அது தொல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவரிடம், தாய் தகப்பன் இல்லாத நேரம் பள்ளிக்கூடப் பிள்ளையிடம், வேலையும் வீடும் தேடி அலைகிற புது அகதியிடம் உதவியோடு சேர்த்து நீட்டுகிற தாளைப் பற்றிக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். அப்படிக் கேட்கும் மனுவென்றால் நானே வீடு வீடாகக் கொண்டு திரிவேன். தெருவில் நின்று, சிரித்து, எடுத்தால் கொடுத்து, எடுக்காவிட்டால் விடுகிற ஆளைத் தடுக்கும் மனுவில் என்னால் கையெழுத்து வைக்க முடியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை இதை அண்ணையிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நீர் நல்லாக் கதைக்கிறீர் என்று மட்டும் சொன்னார். அவருடைய பயமும் எனக்கு விளங்கும். பேரப்பிள்ளைகள் தேவாரம் தெரியாமல் வளர்கிறார்கள். யாராவது ஒரு தாளை நீட்டினால், அதற்கு மறுமொழி சொல்ல அவர்களிடம் ஒன்றும் இல்லை. அதுதான் உண்மையான வருத்தம், அதை ஒரு நகரசபை விதி தீர்க்காது. எங்கட கோவிலில் பிள்ளைகள் வாசிக்கக்கூடிய மாதிரி, தமிழிலும் ஆங்கிலத்திலும், சைவம் என்றால் என்ன என்று சொல்லும் ஒரு பக்கத் தாளாவது இருக்கிறதா? நான் அன்றைக்குத் தேடிப் பார்த்தேன். திருவிழா நோட்டீசும் உபயகாரர் பட்டியலும்தான் கிடந்தன.

நாவலர் ஒரு கப்பலேறிப் போய் இயந்திரம் வாங்கி வந்தார். எங்களுக்கு வீட்டு மேசையிலேயே பிரிண்டர் இருக்கிறது.